கவிழ்த்துப் பார்த்தால்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
கைப்பேசி பழுதுபார்க்கும் என் கடைக்குள்
மழையோடு நுழைந்தாள் பொன்னுருவி.
இடுப்பில் ஒரு ஜாடி.
"இதை அமெரிக்காவுக்கு வித்துக் குடு."

மூன்றாம் டிவிஷன் பங்களாவை இடித்த வாரம்
கூட்டிப் பெருக்கப் போனவள் கைக்குக் கிடைத்தது.
துரை மாறி, கம்பெனி மாறி,
ரப்பர் போய்ச் செம்பனை வந்தும்
யாரும் தேடி வராத பொருள்.
இருபத்து மூன்று வருஷம்
அவள் அடுப்படியில் நெத்திலி காத்தது.

துடைத்தோம்.
பளபளப்பு இல்லை, பனியில் ஊறிய மாதிரி மேல்பூச்சு.
அதற்குள் வரிசையாய் மரங்கள்,
நீலம் என்றும் பச்சை என்றும் சொல்ல முடியாத ஒரு பொழுது.
"விடியக்காலை அஞ்சரை" என்றாள் பார்த்த மாத்திரத்தில்.
"பிரட்டு முடிஞ்சு நிரைக்குப் போற நேரம்.
ஆனா பாரு, ஒரு மரத்திலயும் வெட்டு இல்ல, மங்கு இல்ல.
யாரோ சும்மா நின்னு பார்த்திருக்காங்க."

கவிழ்த்தேன்.
முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு எழுத்து,
சுற்றிலும் தீநாக்கு. எண்ணினேன், பதினான்கு.
ஆண்டுக்கொரு சுடர் ஏற்றிக்கொண்டே வந்து
புது நூற்றாண்டில் அதை நிறுத்தி
கீழே ரோமன் எண் போட்டார்களாம்,
சின்சினாட்டி நகரத்து ரூக்வுட் சூளையில்.
இதில் ஒன்பது.
ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது.
வடிவத்துக்கு ஓர் எண், அளவுக்கு ஓர் எழுத்து,
ஓரத்தில், ஈர மண்ணில் கீறிய
தீட்டியவளின் முதலெழுத்துகள்.

சூளைக்குப் பேர் தந்தது ஓர் எஸ்டேட் என்று
படித்துச் சொன்னேன்.
தொடங்கிய பெண்ணின் அப்பாவுடையது,
காக்கைகள் அடையும் இடம்.
"அங்கயும் எஸ்டேட்டா?
எத்தனை டிவிஷன்?"

எல்லாக் குறிக்கும் குறுக்கே
சக்கரத்தால் அறுத்த ஒரு பெருக்கல் குறி.
வேகும்போது ஏதோ பிசகி
இரண்டாம் தரம் என்று தள்ளியிருக்கிறார்கள்.
எங்கே பிசகு என்று
பழுதுபார்க்கும் விளக்கடியில் இரண்டு பேரும் தேடினோம்.
கிடைக்கவில்லை.

வாங்க வந்தவர் பேர் வெண்டல் ஓக்ஸ்.
குறியைப் படத்தில் பார்த்ததும் விலையில் பாதியைக் கழித்தார்.
பிறகு கேட்டார்: பூர்வீகம் என்ன,
காகிதம் ஏதும் உண்டா?

காகிதம்.
பொன்னுருவிக்கு அறுபத்தொரு வயது.
கையில் இன்னமும் சிவப்பு ஐ.சி.
லயத்தில் பிறந்ததற்குச் சாட்சி சொல்ல
மருத்துவச்சி உயிரோடு இல்லை,
கிராணி ஈப்போ பக்கம் போனதோடு சரி.
சிரம்பான் கவுண்டரில் நாலு தடவை
கேள்வி ஒன்றுதான்: பெறப்பு சூரா எங்கே?

ஜாடியைத் தலைகீழாய்ப் பிடித்தபடி சொன்னாள்:
"இதுக்கு வருஷம் இருக்கு, செஞ்சவ பேரு இருக்கு,
கொறை இருக்குன்னுகூட எழுதி இருக்கு.
என்னைக் கவுத்துப் பார்த்தா என்னா இருக்கும்?"
விழாத திருகாணி ஒன்றைத் தேடி
நான் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

போஸ் லாஜுவில் அனுப்புநர் என் பேர்,
என் நீல ஐ.சி. எண்.
உள்ளே இருப்பது என்ன?
மலாயில் எழுதி, வாய்விட்டும் படித்தேன்: பசு.
பூச்சாடிக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பேர்.
மாடு விமானம் ஏறுதா என்று
பொன்னுருவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.
கவுண்டரில் இருந்த நோர்ஹயாத்தி
காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்து
'எளிதில் உடையும்' ஒட்டினாள், நாலு பக்கமும்.

வந்த பணத்தில் கொஞ்சம் கூரைத் தகரத்துக்கு.
மிச்சம் வக்கீலுக்கு,
ஐந்தாம் தடவைக்கு.

ஆறு வாரம் கழித்து வெண்டல் எழுதினார்.
பத்திரமாய் வந்து சேர்ந்தது, நன்றி.
மூன்று முறை கழுவியும்
உள்ளே ஒரு வாசனை போகவில்லை.
என்ன அது?

பொன்னுருவியைக் கேட்காமலே பதில் போட்டேன்:
நெத்திலி. இருபத்து மூன்று வருஷம்.
காகிதம் கேட்டீர்கள் அல்லவா,
கழுவாமல் வைத்துக்கொள்ளுங்கள்.