பதினேழாம் எண்

பேரேட்டில் பதினேழாம் எண்:
சுருயோ, கரிமூட்டக்காரி, ஓதாத்தேக்கு வடக்கே மலைச்சரிவு.
நாய் ஒன்று. ஆண். புலிவரி நிறம். வயது நான்கு.
எடை என்றொரு கட்டமும் உண்டு அந்தத் தாளில்.
சிப்பாய்களின் கோட்டுக்கு உள்ளே தைக்கத்
தோல் வேண்டுமாம், ராணுவத்துக்கு.

ஜெர்மன் ஷெப்பர்டுக்கு விலக்கு.
அதற்குப் படையில் வேலை இருக்கிறது.
எங்கள் அகிதாவுக்குப் பதின்மூன்று வருடம் முன்புதான்
தேசத்தின் அரிய உயிர் என்று பட்டயம் வந்தது.
அந்தத் தாளையும் நான்தான் கோப்பில் சேர்த்தேன்,
இதே துளையிடும் கருவியால்.

மை உறையாதிருக்கப் புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஏறினேன். இடுப்பளவு பனி.
"செத்துப்போச்சு," என்றாள் சுருயோ, நான் கேட்பதற்கு முன்பே.
சூளை ஓரத்தில்
சோற்றுக் கிண்ணத்தின் வாயகலத்துக்குக்
காலடித் தடங்கள், ஈரம் காயாமல்.

வேறு நாயாக இருந்தால் குரைத்தே காட்டிக்கொடுத்திருக்கும்.
இது வீணாக வாய் திறக்கும் ஜாதி இல்லை.
கரடியை மறித்து நிற்கும்போது மட்டும்
குரல் அடிவயிற்றிலிருந்து வரும் என்பார்கள்.
வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே
முக்கோணமாய் இரண்டு சின்னக் கண்கள்.
வாலும் ஆடவில்லை, பல்லும் தெரியவில்லை.
என்னை எடை போட்டுக்கொண்டிருந்தது.

'இறந்தது' என்று எழுதினேன்.
தேதி. முத்திரை.
சுருயோ நன்றி சொல்லவில்லை,
அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினாள்.

இறங்கும்போது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

மூன்றாம் எண் என் வீடு.
ஊருக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றார் மேலதிகாரி.
ஷிமோ, வெள்ளை, பெண், வயது ஏழு.
மழை நாளில் மகனின் குடைக்குள்
பள்ளிக்கூடம்வரை போய்த் திரும்பி வருவாள்.
கயிறு கொண்டுபோனேன், தேவைப்படவில்லை.
நான் நடந்தேன், அவளும் நடந்தாள்,
கிடங்கின் கதவுவரை, அதற்கு அப்பாலும்.
முப்பத்தொன்பது கிலோ.
அந்தக் கட்டத்தை மட்டும் சரியாக நிரப்பியிருக்கிறேன்.

மஞ்சூரியாவிலிருந்து மகனின் கடிதம்.
குளிர், பேன், உப்பு மீன், பாதி வரி தணிக்கையில் கறுப்பு.
கடைசியில் எப்போதும்போல:
ஷிமோ எப்படி இருக்கிறாள்?
'நலம். உரோமம் உதிர்க்கிறாள்.
உன் அம்மா தினமும் திட்டிக்கொண்டே பெருக்குகிறாள்.'
பேரேட்டில் எழுதும் அதே கை, அதே மை.

பனி இளகி ஓடையில் சத்தம் கூடிய ஓர் இரவு,
மலைப்பக்கமிருந்து ஒரே ஒரு குரல்.
ஆழமாக, ஒரே ஒரு முறை.
மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.
"நாய்," என்றாள்.
"இந்த மாவட்டத்தில் நாய் கிடையாது," என்றேன், "பேரேடு என்னிடம் இருக்கிறது."
அவள் விளக்கைக்கூட ஏற்றாமல் போய்
வாசற்கதவை
ஒரு நாய் நுழையும் அகலத்துக்குத்
திறந்து வைத்தாள்.