பிழைதிருத்தம்

ராயப்பேட்டையில் ஒரு மாடிப்படி இடுக்கு.
இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன்.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
மாதம் நான்கு நாவல் அடிக்கிறேன்.

நாயகிகள் வருவார்கள், போவார்கள்.
இந்த மாதத்துக்காரி யாமினி.
பெயரில்தான் இரவு,
ஆள் பால்கோவா.
'சந்தன நிற மேனி' என்று
முழுக்க அடிப்பதில்லை நான்.
'சந்' போதும்,
மிச்சத்தை மெஷினே போட்டுக்கொள்ளும்.
அத்தனை தரம் அடித்தாயிற்று.

ஸ்கூல் விட்டு ஜெசிந்தா இங்கேதான் வருவாள்.
ஏழாம் வகுப்பு. அப்பா ஜாடை,
காசிமேட்டில் வலை இழுக்கும் அப்பாவின் நிறம்.
அச்செடுத்த தாள்களில்
சிவப்புப் பேனாவால் ஒற்று திருத்துவாள்.
ஒரு 'க்' விடுபட்டால் விடமாட்டாள்.

போன வாரம் அவள் ரஃப் நோட்டில்
ஒரு கதை இருந்தது.
பெசன்ட் நகரில் ஒருத்தி,
இடுப்பு வரை கூந்தல், ரோஜா விரல்கள்.
மழையில் நனைகிறாள், ஊரே பார்க்கிறது.
கடைசிப் பக்கத்தில்
அவளுக்குக் குடை கொண்டுவரும் வேலைக்காரிக்கு மட்டும்
இடது புருவத்தில் தழும்பு.

மூன்று வயதில் கட்டில் விளிம்பு பட்டு
ஜெசிந்தாவுக்குத் தையல் போட்டது
இடது புருவத்தில்.

நான் கேட்கவில்லை.
குப்பைக்கூடையில் காகிதம் சுற்றிக் கிடந்த,
வயிற்றைக் கிழித்து வழித்த க்ரீம் ட்யூபைப் பற்றியும்
கேட்டதில்லை.
அவள் எழுத்துக்கூட்டப் பழகியதே
என் தாள்களில்தானே.

அன்றிரவு நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
எழுத்தாளரைக் கேட்காமல் கை வைத்தேன்.
'யாமினியின் கறுத்த கழுத்தில் வேர்வை மின்னியது.
அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.'
மெஷின் இரண்டு தரம் சந்தனத்தை நீட்டியது.
இரண்டு தரமும் அழித்தேன்.
வேலை போனால் போகட்டும் என்றெல்லாம்
வீரமாக நினைக்கவில்லை.
அந்தாள் அச்சானதைப் படிப்பதில்லை,
எனக்குத் தெரியும்.

மறுநாள் சாயந்திரம்.
தாள் பறக்காமல் டிபன் பாக்ஸை மேலே வைத்து
வரிவரியாக வந்தாள்.
எனக்கு விரல் ஓடவில்லை.
நாற்பத்தொன்றில் பேனா நின்றது.

'கறுத்த'வைச் சுற்றி ஒரு வட்டம்.
ஓரத்தில், குண்டு குண்டான கையெழுத்தில்,
'சந்தன நிற'.

"தூக்கத்துல அடிச்சியாம்மா?"
சிரித்துக்கொண்டே பக்கம் புரட்டினாள்.
அங்கே ஒரு 'ப்' விட்டிருந்தேன்.
அதையும் போட்டாள்.