இரண்டாம் பொத்தானுக்குக் கீழே

டிக்டேஷன் எடுப்பவளுக்கு முகம் தெரியாது.
தாழ்ந்த நாற்காலி, குனிந்த தலை;
நிமிர்ந்தால் நேர் எதிரே
துரையின் டை.
பகாவில், தோட்ட ஆபீசில் பதினோரு வருஷம்
நான் வேலை பார்த்தது
அந்த ஒன்றரை முழத் துணியிடம்தான்.

எழுபத்து நாலில் அது பழுப்பு.
வவ்வால் மீன் அகலம், மஞ்சள் பூப்போட்டது.
முன்பிருந்த வெள்ளைக்காரரின் கோடுபோட்ட டைக்கு
ஏதோ பட்டாளத்துக் கணக்கு உண்டு என்பார்கள்;
பின்னால் வந்த ராஜரத்தினம் துரைக்குக்
கணக்கில்லை, கோடு மட்டும் இருந்தது.
எண்பதில் டை மெலிந்தது.
எண்பத்து மூன்றில் கே.எல். தலைமை ஆபீஸ் ஆள் ஒருவர்
ரத்தச் சிவப்பில் வந்திறங்கினார்.
மறுவாரம் எங்கள் துரையும் சிவப்பு.
அந்த வருஷம் போனஸ் இல்லை.

இப்படித்தான் தொடங்கியது என் பஞ்சாங்கம்.
சிவப்பென்றால் வாய் திறக்காதே.
சாம்பலென்றால் லீவு மட்டும் கேள்.
மெரூன் அன்றைக்கு
எந்த லயத்துக் கூரையும் ஒழுகாது.
நீலமா, போ, முன்பணமே கேள்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே
பால்வாளி நாற்றத்தோடு ஒரு குரல் வரும்:
'யக்கா, இன்னிக்கி என்ன கலரு?'
டைப் அடித்தபடியே சொல்வேன்.
பலித்ததா என்றால்,
பலித்தவர்கள் வாழைப்பழம் கொண்டுவந்தார்கள்.
பலிக்காதவர்கள் வரவில்லை.

சவரிமுத்து கிராணியை
ஃபேக்டரிக்கு சூப்பர்வைசராய்ப் போட்டதும்
நேரே ஹமீது சுல்தான் ஜவுளிக்கடைக்குப் போனார்.
பள்ளிச் சீருடைக்கும் கைலிக்கும் நடுவே
கம்பியில் தொங்கிய பன்னிரண்டில்
ஆகச் சிவப்பானது. பதினெட்டு வெள்ளி.
முடிச்சுப் போடத் தெரியாது அவருக்கு.
கடைக்காரர் மகன் போட்டுக்கொடுத்ததை
அவிழ்க்காமலே தலைவழி கழற்றி, ஆணியில் தொங்கவிட்டு,
விடிந்ததும் தலைவழி மாட்டி
நாலு மாதம் ஓட்டினார்.

ஃபேக்டரிக்குள் நுழையுமுன் துரை
டையின் வாலைச் சட்டைக்குள்,
இரண்டாம் பொத்தானுக்குக் கீழே செருகிக்கொள்வார்.
சவரிமுத்து பார்த்திருக்கிறார்தான்.
பதினெட்டு வெள்ளியை யார் உள்ளே ஒளிப்பார்?

ரோலர் கலர் பார்க்காது.
ஷீட்டோடு சேர்த்து வாலைக் கவ்வி
முகத்தையும் இழுத்துக்கொண்டு போன நேரம்
எதிரே நின்ற அஞ்சலை
பெல்ட்டைத் தட்டிவிட்டு, ஷீட் வெட்டும் கத்தியால்
முடிச்சுக்குக் கீழே ஒரே இழுப்பு.
மூக்கில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.
மறுபக்கம் வந்து விழுந்த ரப்பரில்
சிவப்பு, வரிவரியாய் அழுந்திக் கிடந்தது.
அந்த முடிச்சு மட்டும்
அப்போதும் அவிழவில்லை.

விபத்து அறிக்கையை நான்தான் அடித்தேன்.
தமிழ் நோட்டீசைக் கையால் எழுதியதும் நான்தான்.
டைக்குச் சொல் தேடி 'கழுத்துப்பட்டை' என்று போட்டேன்.
நாய்க்கு லைசென்ஸ் எடுக்கும்போதும்
அதே சொல்லைத்தானே எழுதினீங்க என்று
லயமே சிரித்தது.

மூன்றாம் நாள் அஞ்சலைக்கு ஆள் வந்தது.
கைலியை உதறிக் கட்டிக்கொண்டு
ஜன்னலில் நின்றாள். 'யக்கா, கலரு?'
'நீலம். பயப்படாம வா.'
ஏதாவது கொடுப்பார்கள் என்று
நானும்தான் நினைத்தேன்.

அனுமதியின்றி எந்திரத்தை நிறுத்தியது, பதினாறு நிமிஷம்.
அரைநாள் சம்பளம் பிடித்தம்.
அவர் சொல்லச் சொல்ல
சுருக்கெழுத்தில் கிறுக்கிக்கொண்டே போனேன்.
இப்படிக்கு, வரை வந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

நீலம்தான். சொன்னது பொய்யில்லை.
ஆனால் ரோலரே இல்லாத அந்த அறையில்
அதன் வால் எப்போதோ
சட்டைக்குள் போயிருந்தது.
கையில் கத்தியில்லாத அஞ்சலை
அந்த இரண்டாம் பொத்தானையே
பார்த்துக்கொண்டு நின்றாள்.