பழுது நேர்ந்த நேரம்

படிவத்தின் நான்காவது கட்டம் அப்படித்தான் கேட்கிறது.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
இன்னும் நேரவில்லை என்று எழுத
அங்கே இடம் போதாது.

ஆடி மாதம்.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வாயைத் திறந்தால் மூடாது.
குளத்தங்கரைப் பனைகள் கிழக்கே சாய்ந்து நிற்கின்றன.
துணி காயப் போட்டவர்கள்
அடுத்த தெருவில் போய் எடுத்து வருகிறார்கள்.
காற்றாலைகள் ஒன்று விடாமல் சுற்றுகிற இந்த மாதத்தில்தான்
இரண்டாம் எண் டிரான்ஸ்பார்மர் சரியில்லை என்கிறது பெட்டி.

பெட்டி என்றால் சோற்றுத் தூக்கு அளவு.
போன தையில் வந்து பொருத்திப் போனார்கள்.
டிரான்ஸ்பார்மர் வயிற்று எண்ணெயை
நான்கு மணிக்கொரு தரம் ஒரு மிடறு குடித்து
என்ன வாயு கரைந்திருக்கிறது என்று சொல்லும்.
குடித்ததைத் திருப்பி ஊற்றிவிடும்.
அதற்கு முன்பெல்லாம்
வருஷத்துக்கு ஒருமுறை கண்ணாடி ஊசியில் எடுத்து
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோவோம்.
ஆய்வக முடிவு வருவதற்குள்
அது வேறு எண்ணெயாகியிருக்கும்.

ஞாயிறு, அசெட்டிலீன் ஒன்று.
திங்களும் ஒன்று.
செவ்வாய் இரவு நான்கு.
பத்து லட்சத்தில் நான்கு பங்கு.
தோவாளைச் சந்தையில் இறங்குகிற பிச்சிக் குவியலில்
நான்கு மொட்டு என்று வையுங்கள்.
ஆனால் அந்த வாயு
எண்ணெய்க்குள் பொறி பறக்காமல் பிறப்பதில்லை.
எங்கோ உள்ளே, இருட்டில்,
ஒரு செம்பு இன்னொரு செம்பை
விட்டு விட்டுத் தொடுகிறது.

சுயம்புலிங்கம் டார்ச்சோடு மூன்று சுற்று வந்தார்.
“சுகமாட்டு இருக்கு மேடம், ஒரு கொறையுமில்ல.”
வெப்பம் சரி, சத்தம் சரி, எண்ணெய் மட்டம் சரி.
“மாசியில இந்தப் பெட்டி இப்பிடித்தான் கத்திச்சு.
போய்ப் பாத்தா வயர்ல எறும்புக் கூடாக்கும்.”
உண்மைதான்.
அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தவள் நான்,
மூன்று பக்கம்.

காற்றாலைக் கம்பெனியிலிருந்து ஒருவர் அழைத்தார்.
இரண்டு நாள் நிறுத்தினால் எவ்வளவு நஷ்டம் என்று
பைசா வரை சொன்னார்.
வெடித்தால் எவ்வளவு என்றேன்.
“வெடிக்கும்னு உங்களுக்கு நிச்சயமா?”
எனக்கு எதுவும் நிச்சயமில்லை.
அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே
பதினொன்று காட்டியது பெட்டி.

வியாழன் காலை நிறுத்தினோம்.
ரீங்காரம் அடங்கியதும்
எங்கிருந்தோ ஒரு ஆட்டுக்குட்டியின் குரல்.
இத்தனை வருஷமும் அது
அங்கேயே கத்திக்கொண்டிருந்ததோ என்னவோ.

எண்ணெயை இறக்கி, உலர்ந்த காற்றை நிரப்பி,
ஆள் நுழையும் துளை வழியே ஸ்டெல்லஸை இறக்கினோம்.
அவன்தான் ஒல்லி.
சட்டைப் பையில் ஒன்றும் இருக்கக் கூடாது,
ஸ்பானருக்கும் நூல் கட்ட வேண்டும்.
கல்யாண மோதிரம் கழலாமல்
சோப்புப் போட்டு உருவினான். கல்யாணமாகி நாற்பது நாள்.
உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு, “ஒரு போல்ட்டு லூசு மேடம்.
சுத்தி கண்மை பூசினாப்ல கறுத்துக் கெடக்கு.”

அரைச் சுற்று.
ஸ்பானர் அரைச் சுற்றுத் திரும்பியது. அவ்வளவுதான்.
இரண்டு நாள், ஏழு ஆட்கள், ஒரு கிரேன்,
காற்று வீசும் மாதத்தில் பராமரிப்பா என்று ஒரு மெமோ.

முன்பு நான் இருந்த துணைமின் நிலையத்தில்
ஒன்று வெடித்தது.
மறுநாள் தென்னை ஓலைகளிலிருந்து
எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.
அன்றைக்கு இதே படிவத்தை நிரப்புவது
எவ்வளவு எளிதாக இருந்தது.
நேரம்: அதிகாலை 2.40.
ஆறாவது கட்டம், காயமடைந்தவர் பெயர்.
அதற்கும் என்னிடம் ஒரு பெயர் இருந்தது.

இன்று ஆறாவது கட்டம் வெறுமை.
நான்காவதில் ஒரு கோடு இழுக்கிறேன்.
பூர்த்தி செய்யவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.
ஜன்னல் வழி வந்த காற்று தாளைத் தூக்குகிறது.
நூல் கட்டிய ஸ்பானரை
அதன்மேல் எடுத்து வைக்கிறேன்.