பெதோபா

ஜனவரி இரண்டு.
எங்கள் ஊரில் இந்த நாளுக்குப் பெதோபா என்று பெயர்.
இன்று நீ எப்படியோ
அப்படியே இருக்குமாம் ஆண்டு முழுவதும்.
முதல் கோணல் முற்றிலும் கோணல்.
ஆகவே குட்டாய்ஸி நகரம் இன்று
பூனைபோல் நடக்கிறது.
மாடிவீட்டு மல்காஸ் நேற்றே கடனை அடைத்துவிட்டான்
(நாளை மறுபடி கேட்பான்).
பேருந்து ஓட்டுநர்கூட வழிவிடுகிறார்,
அவருக்கே கூச்சமாக இருக்கிறது.

எனக்கு மருந்துக்கடையில் பகல் வேலை.
தேனில் பாகுகாய்ச்சிய வால்நட் மிட்டாய்
பல்லில் ஒட்டியபடியே கடையைத் திறந்தேன்.
வெளியே பனியாக மாட்டாத மழை.

கண்ணுக்கு நேரான தட்டில் வெளிநாட்டு மருந்துகள்.
ஒன்று விற்றால் எனக்கு எண்பது தெத்ரி.
முழங்காலுக்கும் கீழே, அடித்தட்டில்,
அதே மருந்து, உள்ளூர்ப் பெட்டி,
மூன்றில் ஒரு பங்கு விலை.
முதலாளி என்னைப் பொய் சொல்லச் சொன்னதே இல்லை.
தட்டுகளை அடுக்கியதோடு சரி.
மிச்சத்தை என் முழங்கால் பார்த்துக்கொள்ளும் என்று
அவருக்குத் தெரியும்.

முப்பத்தொன்று இரவு
எல்லோரும் கிண்ணம் உயர்த்தி
அமைதிக்கு, நாட்டுக்கு, இறந்தவர்களுக்கு என்று
பெரிய பெரிய சொற்களைக் குடித்தபோது
நான் மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
ஒரே ஒரு சொல் எழுதினேன்:
குனி.

பத்து மணிக்கு ஒருவர் வந்தார்.
தொப்பியிலிருந்து நீர் சொட்டியது.
மகளுக்கு இருமல்,
மருந்துச்சீட்டை உள்சட்டையில் வைத்து
நனையாமல் கொண்டுவந்திருந்தார்.
குனிந்தேன்.
மூட்டில் ஒரு சொடுக்கு, அவருக்கும் கேட்டிருக்கும்.
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணினார்,
நான் தவறாகக் கொடுத்துவிட்டேனோ என்று.

அடுத்து ஒரு பெண், ரோமக் கழுத்துப்பட்டி,
கார் எஞ்சின் வெளியே ஓடிக்கொண்டிருந்தது.
அதே மருந்து.
குனியவில்லை.
அவளால் முடியும் என்று எனக்கு நானே சொன்னேன்.
கதவு மூடிய பிறகு சிரிப்பு வந்தது:
என் நியாயம்
மேலங்கி பார்த்துத்தான் குனிகிறது.

நாலு இருபதுக்கு வார்சாவிலிருந்து தம்பி.
கிடங்கில் இடைவேளை, பன்னிரண்டு நிமிடம்.
"அம்மா நடக்கிறாளா, எதெரி?"
"சன்னல்வரை நடக்கிறாள்" என்றேன்.
சன்னல்வரை நடப்பது
அம்மாவின் கட்டிலைத் தள்ளிப்போடும் நான்.

கணக்குப் பார்த்தால்
ஒரு குனிதல், ஒரு குனியாமை, ஒரு பொய்.
இதை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கினால்
கேடுகெட்ட ஆண்டும் இல்லை,
எழுதி மாட்டிவைக்கும் ஆண்டும் இல்லை.

இரவு, நள்ளிரவுக்கு இருபது நிமிடம் முன்பு,
கோச்சாவை அழைத்தேன்.
ஆண்டைக் காப்பாற்றவா அவனைக் காப்பாற்றவா
இன்றுவரை தெரியாது.
"அம்மா எழுந்திருக்கவில்லை."
அந்தப் பக்கம் ஏதோ பளுதூக்கி பின்வாங்கும் ஒலி,
பீப், பீப், பீப்.
"தெரியும்" என்றான்.
"நீ சன்னல் என்று சொன்னதும் தெரிந்துவிட்டது.
முன்பெல்லாம் வாசல் என்பாய்."
பிறகு இருவரும் பேசாமல் இருந்தோம்.
கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரி மூன்று.
இந்த நாளுக்குப் பெயர் கிடையாது.
மல்காஸ் கடன் கேட்டுவிட்டான்.
ஓட்டுநர் என்மேல் சேற்றை வாரியடித்துப் போனார்.
இனி எது செய்தாலும்
எதுவும் பெருகாது, எந்த ஆண்டிலும் ஒட்டாது,
யாரும் பார்க்கவும் இல்லை.

கதவுமணி ஒலிக்கிறது.
யாரென்று இன்னும் தெரியவில்லை.
மழைக்கண்ணாடி வழியே
ஓர் உருவம், ஒரு மேலங்கி,
என்ன துணியோ.

அதற்குள்ளாகவே
ஒரு கையை மேசையில் ஊன்றி
முழங்காலை மடக்கத் தொடங்கியிருக்கிறேன்.