எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம்

திருமலையின் தண்ணீரை எண்ணுவது என் உத்தியோகம்.
லிங்கநகர், மட்டிக்களி, பாலையூற்று.
மூடியைத் தூக்கி, சிலந்தியை ஊதிவிட்டு,
கறுப்பு இலக்கங்களை எழுதிக்கொண்டு
அடுத்த படலை.
நாய் உள்ள வீட்டுக்குத் தனிக்குறி.

என்னைச் சுமக்கிற பென்லியின் மீற்றரோ
எழுபத்து நாலாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டில்
நின்று பதினொரு வருஷம்.
நிலாவெளி றோட்டில், சாம்பல்தீவுப் பாலம் தாண்டி
கேபிள் அறுந்தது.
அன்று மழை. பிறகுதான் கவனித்தேன்.

ஆகவே இதற்குக் கணக்குப்பிள்ளை சந்திரன்.
போயாவுக்குப் போயா செயின்,
மூன்றாம் போயாவுக்கு ஒயில்.
வேம்பின் கீழ் உரச்சாக்கை விரித்து
பத்து, பன்னிரண்டு, பதினேழாம் நம்பர் சாவிகள்.
பதினேழு முபாரிஸின் கராஜிலிருந்து இரவல்,
அவன் கேட்கும்வரை என்னுடையது.

கச்சான் அடித்தால் மணல்,
கொண்டல் திரும்பினால் உப்பு.
இரவில் கடல் மதிலேறி வந்து
கம்பிகளை ஒவ்வொன்றாய் நக்கிவிட்டுப் போகும்.
காலையில் துடைக்கிற துணியில்
செம்மஞ்சளாய் அதன் நாக்கு.

ஒயிலைச் சூட்டோடு இறக்கவேண்டும்.
டச்சுக்குடா வரை ஒரு சுற்றுப் போய்வந்து
திருகாணியைத் தளர்த்தினேன்.
பழைய மாஜரின் டப்பாவுக்குள் கறுப்பாய் விழுந்தது.
விரலிடுக்கில் தேய்த்தால்
சன்னமாய் ஒரு மினுக்கம்.
"அது நகையில்லை அக்கா, கிளச்சுத் தட்டு"
என்பான் முபாரிஸ்.

இரண்டு சிலிண்டர்.
வலப்பக்கத்துப் பிளக் மாரி பிஸ்கட் நிறம்.
இடப்பக்கம் அடுப்புக்கரி.
ஒரே பெற்றோலைக் குடித்து
ஒன்று எரிகிறது, ஒன்று புகைகிறது.
எங்கள் வீட்டிலும் இதைப்பற்றி
நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

செய்ததையெல்லாம்
பழைய பில் அடிக்கட்டைகளின் முதுகில் எழுதிவைப்பேன்.
ஒயில் ஒரு லீற்றர், அறுநூற்றைம்பது.
அதே ஒயில், இரண்டாயிரத்து நூறு.
நடுவில் ஓராண்டு வெறும் தாள்:
பெற்றோல் இல்லை, வண்டி நின்றது,
நான் நடந்தேன்,
மற்றவர்களின் மீற்றர்கள் ஓடின.

கட்டை வேரில் வைத்துவிட்டு
செயின் கழுவ மண்ணெண்ணெய் எடுக்கப் போனேன்.
திரும்பினால் கோட்டைப்பக்கத்து மான்.
ஒரு கொம்பு முறிந்தது.
படலையைத் தள்ளி வந்து நிதானமாய் மெல்லுகிறது,
வாயோரம் நீல மை.
இரண்டாயிரத்துப் பதினாறு முதல் பத்தொன்பது வரை.
சாவியை ஓங்கினேன்.
அது என்னைப் பார்த்துக்கொண்டே
பதினெட்டை விழுங்கியது.

பின் ரயர் எப்போது மாற்றினேன்?
பற்றரி?
இனி மானைத்தான் கேட்கவேண்டும்.

நின்றுபோன மீற்றருக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு:
முந்திய மாதங்களின் சராசரியைப் போட்டு
பில் கொடுத்துவிடுவோம்.
அப்படியே பென்லிக்கும் போட்டுப் பார்த்தேன்.
ஒரு லட்சத்தைத் தாண்டியதும்
பேனையை மூடினேன்.

போன கிழமை உப்புவெளியிலிருந்து ஒரு பெடியன் வந்தான்,
வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறவன்.
"எவ்வளவு ஓடியிருக்கு?"
"எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம்" என்றேன்.
பொய்யில்லை.
சொச்சம் என்ற சொல்லுக்குள்
மூதூருக்கு ஆயிரம் தரம் போய்வரலாம்.
கேட்ட விலைக்கு அவன் சிரித்தான்.
நானும்.

புதுக் கேபிள் வாங்கி
ஆணியில் தொங்கவிட்டு நாலு மாதம்.
மாட்டினால் நாளைக்குப் பத்தொன்பது.
நடுவில் ஓடியதெல்லாம் ஓடாததாகிவிடும்.
ஆணியில் கிடக்கட்டும்.

செயினை ஒரு விரல் தொய்வுக்கு இழுத்து,
நட்டை இறுக்கி, புது ஒயில் வார்த்து,
பெற்றோல் குழாயைத் திறந்து உதைத்தேன்.
முதல் உதை இருமல்.
இரண்டாவது ஒன்றுமில்லை.
மூன்றாவதில் வலது பிடித்தது,
இடது கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்ந்துகொண்டது.

கைதுடைத்து,
மிச்சக் கட்டையில் எழுதினேன்:

போயா. செயின், ஒயில், இடது பிளக்.
கிளச் கேபிளில் ஒரு நார் விட்டிருக்கிறது.
பதினேழாம் சாவி முபாரிஸுக்கு.
மான்.