மூன்று யூனிட்

ஆனி பிறந்து பத்து நாள்.
குற்றாலத்துச் சாரல்
பேட்டை வரைக்கும் வருவதில்லை.
காற்று மட்டும் வருகிறது,
வேலைக்குப் போகிறவள் முந்தானையைப்
பிடித்து இழுத்துப் பார்க்க.

பாட்டப்பத்தில் இன்றைக்கு எனக்கு
நூற்றுப் பதினாறு வீடு.
கையில் கணக்கெடுக்கும் கருவி,
தோள்பையில் டார்ச் லைட், குடை,
காகிதத்தில் மடித்த சில்லுக்கருப்பட்டி.
மீட்டர் அக்கா என்பதுதான் இங்கே என் பேர்.
உலகம்மாள் என்று ஒருத்தி
சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறாள்.

முதல் வீட்டில் நாய்.
ஏழு வருஷமாக என்னைப் பார்த்துக் குரைக்கிறது,
ஏழு வருஷமாக வாலையும் ஆட்டுகிறது.
எது நிஜம் என்று அதற்கே தெரியவில்லை.

அடுத்த வீட்டில் மீட்டர் அடுப்படிக்குள்.
குக்கரில் உளுந்தஞ்சோறு,
மிக்சி ஜாரில் இருந்து
எள்ளுத் துவையலை வழித்துக்கொண்டே
"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்" என்கிறாள்.
ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்.
ஆனாலும் நாலு வீடு தள்ளியும்
எள் வாசம் கூடவே வந்தது.

செய்யதலி பாத்திமா
அட்டையை நீட்டும்போதே கேட்டாள்:
"நூறைத் தாண்டிட்டா?"
தொண்ணூற்றெட்டு.
அவள் சிரித்த சிரிப்பில்
மிச்சம் ரெண்டு யூனிட்டும் எரிந்தது.
"ஏலே, கணக்கு எடுத்தாச்சு,
ஃபேனைப் போட்டுக்கோ!"
மாடியில் இருந்து ஒருத்தன் விசில் அடித்தான்.

பிறகு அந்தச் சந்து முனை,
பச்சைக் கதவு.
பூட்டிய வீடு, மீட்டர் வெளியே.
ஒன்றரை வருஷமாக
ஒரே எண்: 4316.
ஒன்பது தடவை அதையே எழுதியிருக்கிறேன்.
அட்டையில் ம. கோமதிநாயகம் என்று இருக்கும்.
நான் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எண்தான்.
செத்துப்போனவர்களின் போன் நம்பர்
அழிக்க மனசு வராமல்
செல்லில் கிடக்குமே, அப்படி.

குனிந்தேன்.
ஒட்டடையை விரலால் துடைத்தேன்.
4319.

முந்தானையால் துடைத்தேன்.
4319.

மூன்று யூனிட்.
அதில் என்ன ஆகும்?
ஒரு பல்பு கொஞ்சம் ராத்திரிகள்,
மிக்சி ஒரு சட்னிக்கு,
தூக்கம் வராத ஒருவர்
கூடவே சுற்றவிட்ட மின்விசிறி.

கதவு இப்போதும் பூட்டித்தான் இருக்கிறது.
ஆனால் கொடியில் ஒரு ஈரத் துண்டு.
படியோரம் ஒரு ரப்பர் செருப்பு,
என் உள்ளங்கை அளவு,
ஒற்றைச் செருப்பு.

யார், எந்த ஊரில் இருந்து,
எதற்கு வந்தார்கள்,
நாளைக்கே கிளம்பிவிடுவார்களா?
என் கருவியில் அதற்கெல்லாம் பொத்தான் கிடையாது.
எண்ணை அழுத்தினேன்.
நம்பாமல் அது திருப்பிக் கேட்டது: சரிதானா?
சரிதான்.
சரிதான், சரிதான் என்று
வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல.
எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

மீதி வீடுகளை எப்படி முடித்தேனோ.
பேட்டை ரோட்டு டீக்கடையில்
சீனி கூடப் போடச் சொன்னேன்.
"என்ன அக்கா, போனஸ் வந்துட்டோ?"
"வந்துட்டு, மூணு."
அவருக்கு விளங்கவில்லை.
கருப்பட்டியில் பாதியைக் கொடுத்தேன்.

ராத்திரி இவரிடமும் சொன்னேன்.
சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர்
நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்:
"மூணு யூனிட்டுல என்னட்டி இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன்.
"தெரியலையே" என்று சொல்வதற்குள்
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு,
என்னைப் பார்த்து அவருக்கு.

விளக்கை அணைத்துப் படுத்தோம்.
வெளியே எங்கள் வீட்டு மீட்டர்
சிவப்புப் புள்ளியாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது,
பழைய ஃபிரிட்ஜுக்கும்
அதற்குள் நாளைக்கென்று வைத்த
அரைக் கிண்ணம் சொதிக்கும்.